குற்றாலத்தில் நான் சொல்லாத பதில்

நயா பைசா வந்த புதிது. கடைக்குக் கடை பழைய காசுக்கும் புதுக் காசுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருஷத்துச் சாரல் காலத்தில், தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக கிளார்க்காக இருந்தேன். அப்பா பார வண்டி ஓட்டுபவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். ஆபீஸில் மேஜை போட்டு உட்கார்ந்த முதல் ஆளும் நான்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தக் கடல் கடந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வேலை பார்த்தால், அவர்களைப் பற்றிய விவரங்களை வருஷா வருஷம் பள்ளிக்கூடம் போலீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பிறந்த ஊர், வயது, தாய் தகப்பன், கல்யாணம், உடம்பில் இருக்கும் மச்சம் வரைக்கும். டைப் அடிப்பது என் வேலை. முதல் தடவை காகிதங்களைக் கொண்டுவந்தபோது டீச்சர் குரலைத் தாழ்த்தி, திக்கித் திக்கித் தமிழில், "இது நீங்க மட்டும் பாக்கணும், சார்" என்றார். அதற்குமுன் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அடித்து முடித்து, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பு அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, எத்தனை பிள்ளை, சம்பளம் என்ன என்று கேட்பதுதான் மரியாதை. கேட்காமல் போனால் கோபித்துக்கொள்வார்கள். டீச்சரிடம் நேரே கேட்கப் பாஷை ஒத்துவரவில்லை. அதனால் ஊரே என்னிடம் கேட்டது. டீக்கடையில் கேட்டார்கள், சவரம் பண்ணப் போன இடத்தில் கத்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். வீட்டில் அம்மாவும் விடவில்லை.

"ஏலே, அந்த வெள்ளக்காரம்மாவுக்கு வயசு என்னலே இருக்கும்? பெத்தவகிட்டயுமா சொல்லக் கூடாது?"

"ஒங்கிட்ட சொன்னா தெருவுக்கே சொன்ன மாதிரில்லாம்மா."

அன்றைக்குக் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாமல் கேட்டவர் ஒருவர் இருந்தார். மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்த அண்ணாச்சி. பள்ளிக்கூடக் கமிட்டியில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. மாணவிகள் விடுதிக்கு வார்டன் வேலையை அந்த வெளிநாட்டு டீச்சருக்குக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. அண்ணாச்சிக்கோ அதைத் தன் கொழுந்தியாளுக்கு வாங்கிக் கொடுக்க ஆசை. இந்தச் சமயத்தில்தான், அந்த டீச்சர் கட்டின புருஷனை விட்டுவிட்டுக் கப்பல் ஏறி வந்தவர் என்று ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. அது நிஜமென்று தெரிந்தால் வார்டன் வேலை என்ன, டீச்சர் வேலையே நிலைக்காது. ஊர் அப்படி.

என்னை நிரந்தரமாக்குவதும் அதே கமிட்டியின் கையில்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி எங்கள் தெருமுனையில் வந்து நின்று, "தம்பி, சாரல் நல்லா விழுதாம். வா, குத்தாலத்துக்குப் போய் எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டு வருவோம்" என்றார். அப்பா திகைத்துப்போய்த் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். மறுக்கவா முடியும்?

பஸ்ஸில் போகும்போது அண்ணாச்சி தன் மகளுக்கு வாசுதேவநல்லூரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பதைச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பெண்ணும் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான்.

அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் வரிசையாக இருந்தார்கள். ஒருவர் எங்கள் இருவரையும் பக்கம் பக்கமாகப் பலகையில் கவிழ்ந்து படுக்கச் சொன்னார். முதுகில் எண்ணெயை ஊற்றிப் படார் படார் என்று அறைய ஆரம்பித்தார். அடுத்தவர் கையால் எண்ணெய் தேய்த்துக்கொள்வது எனக்குப் புதிது. கூச்சத்தில் நெளிந்தேன்.

"அசையாதீரும். எண்ணெ கண்ணுல எறங்கிரும்" என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி கேட்டார். "தம்பி, அந்த அம்மா புருஷன விட்டுட்டு வந்தவதானா? நீ வாயத் தொறந்து சொல்லாண்டாம். ஆமான்னா உம்முன்னு ஒரு சத்தம் குடு."

நான் சத்தமே கொடுக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து முதுகில் விழுந்த அறைக்கு வந்த முனகலைக்கூடப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

"சரி, ஒண்ணும் இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. அது அவளுக்கு நல்லதுதானே?"

அங்கேதான் எனக்கு ஒரு நிமிஷம் தடுமாறியது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். ஒருவருக்காக 'இல்லை' என்று சொல்லிவிட்டால், நாளைக்கு இன்னொருவருக்காக நான் வாயை மூடும்போது அந்த மௌனமே 'ஆமாம்' ஆகிவிடுமே. அப்புறம் நான் பூட்டுகிற பூட்டுக்கு என்ன அர்த்தம்?

அதோடு வேறொன்றும் ஞாபகம் வந்தது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, நான் பிறந்த தேதி என்ன என்று அப்பாவைக் கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. "வண்டிமாடு பொறந்த தேதி கேட்டாத் தெரியும்போல" என்று ஒருவர் உரக்கச் சொல்ல, வராந்தாவில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அவர்களாகவே ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார்கள். சொந்த ஊரிலேயே நம் விவரம் நாலு பேர் வாயில் விழுந்தால் இப்படி என்றால், பெற்றவர்களையும் ஊரையும் விட்டு வந்து, தன் வாழ்க்கையை ஓர் அந்நிய ஊர்ப் பீரோவில் வைத்துவிட்டு நிற்கிற ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும்?

"மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி. ஆமாம்னும் சொல்ல மாட்டேன், இல்லேன்னும் சொல்ல மாட்டேன்."

"ஏலே, ஒன் வேல என் கையிலதான் இருக்கு. தெரியும்லா?" தம்பி போய் ஏலே வந்துவிட்டது.

"தெரியும் அண்ணாச்சி. ஆனா ஒங்க வீட்டுப் பிள்ளயப் பத்தி மாப்ள வீட்டுலருந்து யாராவது வந்து கேட்டாலும் என்கிட்ட இதே பதில்தான்."

அண்ணாச்சி முகத்தைப் பார்க்க எனக்கு வழியில்லை. எண்ணெய் தேய்க்கிறவர் கை மட்டும் சட்டென்று நின்றது. பிறகு அண்ணாச்சி மெதுவாக, வேறு குரலில் கேட்டார்.

"யாரும் வந்தாவளா?"

"அதையும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."

எண்ணெய் தேய்க்கிறவர் குபீரென்று சிரித்துவிட்டு, இருமுவதுபோல் மாற்றிக்கொண்டார். அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார். "எந்திரி. குளிப்போம்" என்றார்.

அருவிக்குக் கீழே நிற்கும்போது, நாளைக்கு வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் தண்ணீர் தலையில் விழ விழ, பயத்தைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று நெஞ்சில் நிமிர்ந்து நின்றது. திரும்பும்போது பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அண்ணாச்சியே டிக்கெட் எடுத்தார்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் குறிப்பெடுக்க நானும் மூலையில் உட்கார்ந்திருந்தேன். வார்டன் விஷயம் வந்ததும் வேறொரு பெரியவர், "அந்தம்மா சமாச்சாரம் கிளார்க்குக்குத் தெரியும். கூப்பிட்டுக் கேப்போமே" என்றார். என் பேனா நின்றுவிட்டது.

அண்ணாச்சிதான் பதில் சொன்னார். "அவன் சொல்ல மாட்டான். சொல்லவும் கூடாது. நம்ம பிள்ளையளோட விவரமும் அந்த பீரோவுக்குள்ளதான் கெடக்கு. அந்தம்மா பிள்ளையள எப்படிப் பாத்துக்கிடுதா, அதப் பேசுங்க."

அதைப் பேசினார்கள். வார்டன் வேலை டீச்சருக்கே போயிற்று. என்னையும் நிரந்தரமாக்கினார்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அண்ணாச்சி என் பக்கம் திரும்பாமலே, "ஏலே, சாவி பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் கல்யாணத்துக்கு எனக்குத் தனியாகப் பத்திரிகை வந்தது.

டீச்சருக்கு இது எதுவும் தெரியாது. இன்றும் வருஷம் பிறந்தால் காகிதங்களைக் கொண்டுவந்து வைக்கிறார். முதல் வருஷம் போலக் குரலைத் தாழ்த்துவதில்லை. மேஜையில் வைத்துவிட்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்குப் போய்விடுகிறார். அம்மாவும் இப்போது கேட்பதில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில், "எம் மவன் வாயிலருந்து ஒண்ணும் பேராதுட்டி. பெத்த எனக்கே சொல்ல மாட்டான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாளாம்.

இதைக் கேட்கிற சிநேகிதர்கள் எல்லாரும் கடைசியில், "அது சரி, அந்த டீச்சர் உண்மையில் புருஷனை விட்டு வந்தவரா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. அப்போதெல்லாம் என் கை தானாக இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. நான் படித்த படிப்புக்கு அந்தச் சாவியைவிடப் பெரிய பட்டம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.