பூசைக்கு வைத்த சாவி

எங்கள் வேனுக்கு என் கல்யாணத்தைவிட வயது அதிகம். வீட்டுக்காரர் அதில் வாழைக்குலை ஏற்றி நெய்யாற்றின்கரைச் சந்தைக்குப் போவார். சாயங்காலங்களில் அதே வண்டியில் எங்களைச் செண்டைப் பயிற்சிக்கு ஏற்றிப்போவார். எங்களை என்றால், குளத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் சேர்ந்த மேளக் குழுவை. தையல் கடையில் இருப்பவள், ரப்பர் பால் எடுப்பவள், அங்கன்வாடியில் சமைப்பவள் எல்லாம் அதில் உண்டு. செண்டைகளை மடியில் அணைத்துக்கொண்டு, வாழைக்கறை மணக்கும் அந்த வண்டியில் ஆடி ஆடிப் போகும்போது எனக்குப் பாதித் தூக்கம் வரும். இறக்கிவிட்டதும் அவர் டீக்கடைக்குப் போய்விடுவார். நான் அடிப்பதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

விஜயதசமிக் காலையில் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கோயிலில் எங்கள் அரங்கேற்றம் என்று முடிவானது. நாற்பதைத் தாண்டியவளுக்கு அரங்கேற்றம்! சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அன்றைக்கு அவர் என் எதிரில் நின்று பார்க்க வேண்டும். வெட்கத்தை விட்டுக் கேட்டும்விட்டேன்.

"வாறேன், பின்ன வராம?" என்றார்.

அந்த வாரம் பார்த்துத்தான் வண்டி படுத்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். பாறசாலை தாண்டியதும் ஒரு காரணமும் இல்லாமல் நின்றுவிடும். கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் தானாக எழுந்திருக்கும். பிறகு அதுவும் இல்லாமல் போனது. உதியன்குளங்கரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் வீட்டுக்கே வந்து, ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, கடைசியில் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியைக் கழற்றினார். எந்த நேரத்தில் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று என்ஜினுக்குச் சொல்கிற கண்ட்ரோல் பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது. குலையில் வடிந்த தண்ணீர் எத்தனை மழைக்காலமாய் அதற்குள் இறங்கியதோ.

"சேச்சி, வண்டிக்க மூளையாக்கும் இது. கெட்டுப்போச்சு. இந்த மாடலுக்குப் புதுசு இப்பம் வாறதில்ல. மார்த்தாண்டத்துப் பக்கம் பழைய வண்டி பொளிச்சுப் பார்ட்ஸ் விக்கிற எடத்தில தேடிப் பாக்கணும்" என்றார்.

அஷ்டமி அன்று மத்தியானம் அவரும் வீட்டுக்காரரும் தமிழ்நாட்டு எல்லை தாண்டிப் போனார்கள். அங்கே எங்கள் வேனைப் போலவே ஒன்று முகம் நசுங்கிக் கிடந்ததாம். பெட்டிமேல் ஒட்டியிருந்த நம்பரை எங்கள் பெட்டியின் நம்பரோடு ஒத்துப் பார்த்து, பெட்டியையும் அந்த வேனின் சாவியையும் வாங்கி வந்தார்கள். வீட்டுக்காரர் இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். மறுநாள் வந்து மாட்டித் தருவதாகச் சொல்லி மெக்கானிக் கிளம்பினார்.

அஷ்டமி சாயங்காலம் பூசைக்கு வைப்பு. எங்கள் பக்கத்தில் அதில் விளையாட்டே கிடையாது. மகனின் புத்தகங்கள், அரிவாள், கத்தரிக்கோல், ஜாக்கி, என் செண்டைக் கோல்கள், எல்லாம் விளக்கின் முன்னால் பட்டுத்துணிக்கு அடியில் போய்விடும். விஜயதசமிக் காலையில் பூசை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. படிக்கக்கூடாது, வெட்டக்கூடாது, கொட்டக்கூடாது. இதற்கெல்லாம் என் மாமியார்தான் அதிகாரி. அவர் சொன்னால் சொன்னதுதான்.

நவமி காலையில் மெக்கானிக் ஏறக்குறைய வெறுங்கையோடு வந்து நின்றார். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் கூட இருப்பவர்கள் அவருடைய ஸ்பேனர்களையும் சேர்த்துக் கழுவிச் சந்தனம் தொட்டுப் பூசைக்கு வைத்துவிட்டார்களாம். ஸ்கேனரும், பைக் சீட்டுக்கு அடியில் மறந்துகிடந்த ஒரு ஸ்க்ரூ டிரைவரும்தான் மிச்சம். அதை வைத்தே பெட்டியை மாட்டினார். வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து எங்கள் சாவியை எடுத்துத் திருப்பினார். என்ஜின் உறுமியது. எனக்குச் சந்தோஷத்தில் கை தட்டத் தோன்றியது. தட்டுவதற்குள் அணைந்துவிட்டது.

மறுபடி திருப்பினார். மறுபடி உறுமியது, மறுபடி அணைந்தது. எத்தனை முறை செய்தாலும் அதே கதைதான். மெக்கானிக் தலையில் தட்டிக்கொண்டார்.

"எனக்க கர்த்தாவே! அண்ணே, நேத்து கொண்டுவந்த சாவி எங்க? அதுக்கத் தலைக்குள்ள ஒரு சிப்பு உண்டு. அது பக்கத்தில இல்லேன்னா இந்தப் பெட்டி வண்டிய ஓட விடாது. அத எடுத்து நமக்க சாவிக்குள்ள வைக்கணும்."

மேசையில் சாவி இல்லை. மேசைக்கு அடியிலும் இல்லை. நாங்கள் நாற்காலிகளை இழுத்துப்போட்டுத் தேடுவதைப் பார்த்து, மாமியார் அடுக்களையிலிருந்து வந்தார்.

"அது பூசையில இல்லியா இருக்கு? வண்டிக்கப் புதுச் சாவியாக்கும்னு நானே சந்தனம் தொட்டு வச்சேன்."

ஒவ்வொரு வருடமும் வண்டிச் சாவியைப் பூசைக்கு வைப்பது வழக்கம்தான். அவர்மேல் என்ன தப்பு? ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமி, அத இப்பம் எடுத்துத் தாருங்க."

"எடுக்கப்பிடாது. நாளைக்கு வெளுக்கட்டு."

"நாளைக்கு வண்டி ஓடல்லேன்னா நான் எப்பிடிப் போவேன்?"

"ஓடும் மக்கா. பகவதி பாத்துக்கிடுவா."

பகவதியா வந்து வேனைத் தள்ளப்போகிறாள்? வேறு வண்டி பிடிக்கவும் வழியில்லை. ஊரிலுள்ள வேன்களெல்லாம் விஜயதசமிக் காலையில் பிள்ளைகளை எழுத்துக்கு உட்காரவைக்க ஏற்றிப்போவதாய் முன்னமே பேசி வைத்தவை. எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம்தான் பேசும். அன்று காலை எங்கள் அடுக்களைப் பாத்திரங்கள் நிறையப் பேசின.

பிறகு பூசைமுறி வாசலில் போய் நின்றேன். விளக்கு அசையாமல் எரிந்தது. பட்டுத்துணியின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினால் போதும். மாமியார் என் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. தடுக்கவில்லை. துணிக்கடியில் அந்தச் சாவியை ஒட்டியே என் கோல்களும் கிடந்தன. இன்றைக்கு அவசரத்துக்குத் துணியை விலக்கிவிட்டு, நாளைக்கு அந்தக் கோல்களை எந்த மனசோடு எடுப்பேன்? கையை மடக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

"சேச்சி பயப்படண்டாம். வெளுப்பாங்காலத்தே நான் வந்திடுவேன்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போனார்.

அன்று மத்தியானம் முழுக்க ஒரு கனவுக்குள் இருந்ததுபோல எனக்கு ஞாபகம். ஊரில் எந்தக் கருவியும் அசையவில்லை. மர அறுப்பு இல்லை, தையல் மிஷின் இல்லை, புத்தகம் திறக்கும் பிள்ளை இல்லை. மழை பெய்து ஓய்ந்த வெளிச்சம் வாழை இலைகளில் பச்சையாக நின்றது. முற்றத்தில் வேன் கதவு திறந்தபடி கிடந்தது. கழற்றிய சீட்டைத் தரையில் போட்டு வீட்டுக்காரர் அதன்மேல் படுத்துக்கிடந்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கோ ரயில் போகிற சத்தம் வந்து, நெடுநேரம் கழித்துத் தேய்ந்தது. விரல்கள் தாமாகவே தொடையில் தாளம் போட்டன. கொட்டக்கூடாது என்பது நினைவுக்கு வந்து கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை. அந்த ஈரக் காற்றில் நான் உறங்கிவிட்டேன்.

விடியும்போது மெக்கானிக் முற்றத்தில் இருந்தார். மாமியார் ஈரத்தலையோடு கற்பூரம் காட்டித் துணியை விலக்கினார். மகனைப் பச்சரிசியில் எழுதவைக்கக்கூட அவர் காத்திருக்கவில்லை. முதலில் எடுத்தது அந்தச் சாவியைத்தான். மெக்கானிக் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிளேடால் சாவியின் தலையைப் பிளந்து, உள்ளிருந்து அரிசிமணிபோல ஒரு கறுப்புத் துண்டை எடுத்து, எங்கள் சாவிக்குள் வைத்து ஒட்டினார். வீட்டுக்காரர் திருப்பினார். என்ஜின் பிடித்தது. நாங்கள் மூச்சு விடாமல் நின்றோம். அணையவே இல்லை.

"பாத்தியா?" என்றார் மாமியார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

எல்லாரையும் செண்டைகளோடு ஏற்றிக்கொண்டு நேரத்துக்கே கோயிலுக்குப் போய்விட்டோம். மேளம் மெதுவாகத் தொடங்கியது. எதிரில் கூட்டம் நின்றது. மாமியார் நின்றார், மகன் நின்றான். அவரைக் காணோம். முதல் காலம் முடிந்து வேகம் கூடியது. அப்போதும் காணோம். அடிக்கடி வாசல் பக்கம் பார்த்ததில் நாலாம் காலத்தில் எனக்கு ஒரு அடி விட்டுப்போனது. உடனே பிடித்துக்கொண்டேன். ஒட்டிநின்றவளுக்கும் தெரியவில்லை. கடைசிக் காலத்தை நான் அடித்த அடியில் பாதி கோபம்தான். எல்லாரும் நன்றாக இருந்தது என்றார்கள்.

தோளில் செண்டையோடு மதிலுக்கு வெளியே வந்தேன். வேன் என்ஜின் ஓடியபடியே நின்றது. அவர் ஆக்சிலேட்டரில் காலை வைத்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"வாறேன்னு சொல்லிட்டு எங்க போனிய?" என்று கத்தினேன்.

"அணைக்கப் பயமாட்டு இருந்துது. பின்ன எடுக்கல்லேன்னா நீங்க எல்லாரும் எப்பிடித் திரும்பிப் போவிய?"

"நல்ல காரியம். நான் அடிச்சதப் பாக்கவே இல்ல, இல்லியா?"

"பாக்கல்ல. கேட்டேன்."

"அத்தன செண்டைக்கு எடையில எனக்கத எப்பிடிக் கேட்டிய?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாலாங் காலத்தில ஒரு அடி விட்டே. ஒடனே பிடிச்சிட்டே. நீதானே அது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தேன். இனி எடுத்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் எல்லாரும் சேர்ந்து தள்ளட்டும்.

"எறங்குங்க" என்றேன்.

அவர் இறங்கி என் எதிரில் வந்து நின்றார். நான் செண்டையைச் சரியாக மாட்டிக்கொண்டு முதல் காலத்திலிருந்து தொடங்கினேன்.