இரணைதீவிலிருந்து வந்த மாடும் கன்றும்

இரணைதீவுக்குப் போவது எப்படி என்று இந்தப் பக்கத்தில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வழியைக் கடைசியில் சொல்கிறேன். நான் அங்கே முதல் தடவை போனது அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தவக்காலத்தில். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. தம்பிக்குப் பால்மாடு கொண்டுவரப் போனோம்.

யாழ்ப்பாணத்தை விட்டு, பரந்தனுக்கு உள்ளே குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த குடும்பம் எங்களுடையது. தம்பி பிறந்த மூன்றாம் நாள் அம்மா காய்ச்சலில் போய்விட்டா. பேணியில் வரும் பால்மாவைக் கொடுத்தால் தம்பி கக்கினான். அந்த வருடம் பார்த்துக் குடியேற்றத்து மாடுகளுக்கெல்லாம் கோமாரி. ஐயாவோ அம்மாவின் செத்தவீட்டில் அழவில்லை. அதற்குப் பிறகு வாய் திறந்து கதைக்கவும் இல்லை. கேட்டதற்கு "ஓம்", "இல்லை", அவ்வளவுதான். அப்போது எனக்குப் பதினெட்டு வயது.

எங்கள் பக்கம் கருவாடு கொண்டுவருகிற சவிரிமுத்து அண்ணை படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து தம்பியைப் பார்த்துவிட்டு, ஐயாவிடம் சொன்னார். "அண்ணை, தீவில எங்களிட்டக் கண்டு போட்ட பால்மாடு ஒண்டு நிக்குது. வந்து கொண்டு போங்கோ. நெல்லு வெட்டினாப் பிறகு ரெண்டு மூட்டை தந்தாக் காணும்."

தம்பியைச் சின்னம்மாவிடம் விட்டுவிட்டு விடியற்காலை பஸ் எடுத்தோம். பரந்தனிலிருந்து பூநகரி ஏறக்குறைய பதினாறு மைல். அங்கே இன்னொரு பஸ் மாறி நாச்சிக்குடா. பிறகு சவிரிமுத்து அண்ணையின் பாய் வள்ளம். நல்ல காற்றென்றால் மத்தியானத்துக்குள் தீவில் இறங்கிவிடலாம். நாங்கள் வெயில் சாயத்தான் இறங்கினோம். வழியெல்லாம் நான் சத்தி எடுத்தபடி. (வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள்.)

இரணை என்றால் இரட்டை. பெரியதும் சிறியதுமாக இரண்டு தீவுகள் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் கடல் வற்றுகிற நேரம் முழங்காலளவு தண்ணீரில் நடந்தே போகலாம். மாடுகளும் புல்லைத் தேடி அப்படித்தான் போய்வரும். கட்டுவதில்லை, வேலி இல்லை. மறுநாள் சவிரிமுத்து அண்ணையின் மனைவி திரேசம்மா அக்காவோடு நானும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் கடந்தேன். அக்கரையில் நின்று அவா "லச்சுமீ..." என்று நீட்டிக் கூப்பிட்டா. பற்றைக்குள்ளிருந்து செம்மஞ்சள் மாடொன்று கன்றோடு வந்தது. கழுத்தில் செபமாலையோடு நிற்கிற மனுசி மாட்டை லச்சுமி என்று கூப்பிடுகிறாவே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"சிரி பிள்ளை," என்றா அவா. "இதின்ர தாயின்ர பாலிலதான் என்ர நாலாவது தப்பினவன். அதுக்கும் லச்சுமிதான் பேர்."

நாங்கள் சைவம் என்று தெரிந்து, மீன் படாத புதுச் சட்டி எடுத்துத் தனியடுப்பில் சோறும் முருங்கையிலைச் சொதியும் காய்ச்சித் தந்தா. அன்றைக்கே திரும்புவதாகத்தான் எண்ணம். ஆனால் பருவம் தப்பின காற்று எழும்பி வள்ளம் இறக்க விடவில்லை. மறுநாளும் அப்படியே. வீட்டில் தம்பி கஞ்சித் தண்ணீரில் கிடப்பான் என்பதே எனக்கு நினைவு. ஐயா கரையில் குந்தியிருந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் கோயில் மணி அடித்தது. தவக்காலத்தில் யேசுவின் பாடுகளைப் புலம்பிப் பாடுவார்கள், பசாம் என்பார்கள். நானும் ஐயாவும் கோயிலுக்கு வெளியே மணலில் இருந்தோம். ஒருவர் பாடுகளை வாசித்து நிறுத்த, பெண்கள் பாட்டை எடுத்தார்கள். இறந்த மகனை மடியில் வைத்துத் தாய் அழுகிற இடம். மெட்டு எங்கள் ஊர்ச் செத்தவீட்டு ஒப்பாரியேதான். பிள்ளையைப் பறிகொடுத்த மனுசிகளும் அதற்குள் இருந்திருப்பார்கள், புருசனைக் கடலில் விட்டவர்களும் இருந்திருப்பார்கள். அந்தக் குரல்களில் அது தெரிந்தது.

பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஐயா இரண்டு கையாலும் மணலை அள்ளிப் பிடித்தபடி வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். நான் பயந்துபோய் அவருடைய தோளைப் பிடித்தேன். பாடிக்கொண்டிருந்த திரேசம்மா அக்கா வெளியே வந்தா.

"மறிக்காதை பிள்ளை. அழட்டும். இஞ்ச எல்லாரும் அழத்தானே வந்தனாங்கள்."

அடுத்த நாள் காற்றுத் தணிந்தது. லச்சுமியின் காலைக் கட்டி வள்ளத்தின் நடுவில் கிடத்தினார்கள். கன்றை முன்பக்கம் கட்டினார்கள். திரேசம்மா அக்கா மாட்டின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, எங்களைப் பாராமல் வீட்டுக்கு நடந்தா.

நடுக்கடலில் கன்று கத்தத் தொடங்கியது. தாய் உதறிய உதறலில் பின்னங்கால் கட்டு அறுந்தது. வள்ளம் ஒருபக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது.

"அண்ணை, மாட்டைத் தள்ளிவிடுவம்! நாங்கள் முதல் தப்புவம்!" சவிரிமுத்து அண்ணை கத்தினார்.

"பொறுங்கோ!" என்றார் ஐயா. அவ்வளவு பெரிய குரல் அவரிடமிருந்து வந்து எத்தனை நாள்! சால்வையால் மாட்டின் கண்ணைக் கட்டி, அதன் கழுத்தோடு படுத்துக்கொண்டார். "பிள்ளை, கண்டை அவிட்டு இஞ்சால கொண்டு வா!"

நான் முழங்காலில் ஊர்ந்து கன்றை இழுத்து வந்து தாயின் முகத்தோடு சேர்த்தேன். "அழாதை ராசாத்தி. உன்ர பிள்ளை இஞ்சதான் நிக்குது. என்ர பிள்ளையும் பாத்துக்கொண்டு கிடக்கிறான்," என்று ஐயா அதன் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். மாடு கன்றை நக்கத் தொடங்கியது. வள்ளம் நிமிர்ந்தது. சவிரிமுத்து அண்ணை தண்ணீரை இறைத்தார்.

மாட்டை பஸ்ஸில் ஏற்ற முடியாதே. நாச்சிக்குடாவிலிருந்து பரந்தன் வரை நடைதான். கன்று களைத்தால் ஐயா தோளில் தூக்குவார். அந்த வழி முழுக்க அவர் அம்மாவைப் பற்றிக் கதைத்தார். கலியாணமான புதிதில் அம்மா சோறு கரியவிட்டது, காணிக்கு முதல் மண்வெட்டி போட்டது அம்மாதான் என்பது, எல்லாம். எனக்குத் தெரியாத அம்மா ஒருத்தியை அந்தத் தெருவில்தான் கண்டேன்.

தம்பி அந்தப் பாலைக் கக்கவில்லை. இன்று அவன் பேரப்பிள்ளை கண்டவன். நெல்லு மூட்டைகளைக் கொடுக்க ஐயா ஒரு முறைதான் தீவுக்குப் போவார் என்று நினைத்தேன். ஆனால் சாகும்வரை ஒவ்வொரு தவக்காலமும் பசாம் கேட்கப் போனார், திருநீறு பூசிக்கொண்டே.

பிறகு சண்டை வந்து தீவுச் சனம் கரைக்கு இடம்பெயர்ந்தது. வெகுகாலம் கழித்து ஒரு பகுதியினர் திரும்பிப் போயிருக்கிறார்கள். போக விரும்புகிறவர்கள், அந்தச் சனம் வந்து குடியிருந்த, நாச்சிக்குடாப் பக்கத்து இரணைமாதா நகர் கரையில் மீனவர்களிடம் முதலில் கதையுங்கள். அனுமதி தேவையா என்பதையும் அவர்களே சொல்வார்கள். கடையை நம்பாமல் தண்ணீரும் மருந்தும் கொண்டு போங்கள். ஒரு நாளில் திரும்புவதாகத் திட்டம் போடாதீர்கள். காற்று மறித்தால் சினக்கவும் வேண்டாம். எங்கள் ஐயாவை எங்களுக்குத் திருப்பித் தந்தது காற்று மறித்த அந்த நாட்கள்தான்.