எரிமலை கேட்ட மேனேஜர்

அன்று பர் துபாயில் எங்கள் படச்சட்டக் கடையில் இருந்தவர்கள் நாலே பேர்: நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முதலாளி, ஓட்டல் மேனேஜர், ஜப்பான்காரர், நான்.

ஜப்பான்காரர் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தடவிக் காகிதத்தில் படம் எடுப்பவர். மையைக் கையாலேயே துடைத்துத் துடைத்து உள்ளங்கை கருத்துவிட்டது. எதைத் தொடும் முன்பும் அந்தக் கையைச் சட்டையில் ஒரு தரம் துடைத்துக்கொள்வார்.

ஓட்டலுக்காக இந்த ஊர்ப் படகுகளை வெள்ளைக்காரர் பாணியில் போட்டிருந்தார். தண்ணீர் அசைவது போலவே இருக்கும். சட்டம் போட்ட படங்களைப் பார்த்ததும் மேனேஜர் முகத்தைச் சுளித்தார். சென்னைக்காரர்தான்.

"ஜப்பான்காரர்னுதானே பாய் ஆர்டர் குடுத்தோம்? பின்னாடி ஒரு எரிமலையாவது போடச் சொல்லுங்க. அப்பத்தான் காசு."

அதையே இங்கிலீஷில் அவரிடமும் சொன்னார்.

துபாயில் ஏதய்யா எரிமலை? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் விசா போய்விடுமோ என்ற பயம் வேறு.

ஜப்பான்காரர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மேனேஜரின் கோட்டு நுனியை இரண்டு விரலால் தொட்டார்.

"இது உங்கள் ஊர் உடுப்பா?"

காக்கா இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். மேனேஜர் சட்டக்கூலியை மேஜையில் வைத்துவிட்டு, "கலாஸ், முடிஞ்சுது. மத்தது அப்புறம்" என்று படங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஊருக்குக் கிளம்பும் முன் ஜப்பான்காரர் கடைக்கு வந்தார். கையைத் துடைத்து நீட்டினார். "ஃபுலூஸ் மாஃபி", காசு வரவில்லை என்று அரபியில் சொல்லிச் சிரித்தார். எப்படித்தான் சிரித்தாரோ!

அந்தப் படகுகள் ஓட்டல் வரவேற்பறையில் இன்றும் தொங்குகின்றன, எரிமலை இல்லாமலே. மரச்சட்டத்துக்குக் கூலி அன்றே வந்தது. படம் போட்டவருக்கு மூவாயிரம் திர்ஹம் பாக்கி.