இருநூறு கேபிக்குள்

காகிதத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, அதன் முதுகில் ஒரு கறுப்பு அட்டையைப் போட்டு, மூடியை மெல்ல இறக்குகிறார் கேபி அக்கா. அட்டை இல்லாவிட்டால் பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் எட்டிப் பார்க்குமாம். காய்ச்சல் பார்ப்பதுபோல மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். விளக்கு ஓடி முடியும்வரை பேச்சு கிடையாது.

ஒரு கணினி, ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர், இரண்டு நாற்காலி. கடை அவ்வளவுதான். வாசலில் யார் வந்து நின்றாலும் "வாங்க" என்பதற்கு முன்பே, "எத்தனை கேபிக்குள்ள கேட்டிருக்காங்க?" என்பார். விண்ணப்பத்தோடு ஏற்றும் கோப்பு எத்தனை கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற அந்தக் கேள்வியே பேராக ஒட்டிக்கொண்டது. அக்காவின் வீட்டுக்காரரே போனில், "கேபி எப்ப வீட்டுக்கு வருவாங்க?" என்று கேலி செய்கிறார்.

ஓரம் வெட்டுவதில் அப்படியொரு நிதானம். திரையில் நான்கு பக்கமும் வெட்டுக்கோட்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். கடை தொடங்கிய புதிதில், அழகாக வெட்டுகிறேன் பேர்வழி என்று ஒரு பெண்ணின் மதிப்பெண் பட்டியலில் அடியோரத்து வரிசை எண்ணையும் சேர்த்து வெட்டிவிட்டார். விண்ணப்பம் தள்ளுபடி. அந்தப் பெண் சண்டை போடவில்லை. பட்டியலை மேசைமேல் வைத்து, எண்ணை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். "நாலு வார்த்தை திட்டியிருந்தா மறந்திருப்பேன்" என்கிறார் அக்கா.

போன வாரம் மதியம் மூன்றரைக்கு ஆஸ்பத்திரிச் சமையல்காரர் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்தார். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. இப்போதுதான் நிரந்தர இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். ஐந்து மணியோடு கெடு. கையில் பிறப்புச் சான்றிதழ். பார்த்தாலே தெரிந்தது, அதுவும் சமையலறையில்தான் குடியிருந்திருக்கிறது. எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை, நடுவில் ஒரு மடிப்பு.

வண்ணத்தில் எடுத்தபோது இரண்டாயிரம் கேபிக்குமேல் வந்தது. கேட்டதோ இருநூறு. குறைத்துக் குறைத்து நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்குக் கொண்டுவந்தார். அளவு சரி. ஆனால் மடிப்பு விழுந்த இடத்தில் பிறந்த வருடத்தின் கடைசி எட்டு, மூன்றாகிவிட்டது. மூன்று என்றால் வயது வரம்பைத் தாண்டிவிடுவார்.

"எட்டுதான் அக்கா, நல்லாத் தெரியுதே. அனுப்பிடுங்க."

"உங்களுக்குத் தெரியும்ண்ணே, பொறந்தது நீங்க. அங்க உக்காந்து பாக்குறவருக்கு என்ன தெரியும்?"

சமையல்காரர் அக்காவைவிட இளையவர் என்பது சான்றிதழிலேயே இருந்தது. இருந்தும் அவருக்கு இவர் அக்கா, இவருக்கு அவர் அண்ணன்.

மணி நான்கு இருபது. சமையல்காரர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "இதுக்குத்தான் நம்ம ராசிக்கு ஆசையே படக்கூடாதுன்னு எம்பொண்டாட்டி சொன்னா" என்று சுவரைப் பார்த்து முணுமுணுத்தார்.

அக்கா காதில் வாங்கவில்லை. திரையில் கறைகளைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட, இந்த மஞ்சளுக்கும் எண்ணெய்க்கும்ல பாதி கேபி போகுது! கறைக்கெல்லாம் எதுக்கு இடம் குடுக்கணும்?"

சான்றிதழை எடுத்து, மடிப்பை நகத்தால் நீவி, மறுபடி கண்ணாடியில் வைத்தார். மூடிமேல் தடித்த அகராதி ஒன்றை ஏற்றினார். இந்தமுறை வண்ணம் வேண்டாம், சாம்பல் நிறம் போதும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டியதும் கறைகள் ஒவ்வொன்றாக வெளுத்து மறைந்தன. பிறகு ஓரங்கள். முத்திரையின் வால் ஒன்று விளிம்புவரை நீண்டிருந்தது. அதைத் தொடாமல், வெறும் வெள்ளையை மட்டும் வெட்டினார்.

நூற்று எண்பத்தாறு. எட்டு, இரண்டு சுழியோடு எட்டாகவே நின்றது.

"இப்ப யாராவது மூணுன்னு சொல்லட்டும் பாப்போம்!"

நான்கு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் ஏறியது. பிரிண்டர் ஒப்புகைச் சீட்டைத் துப்பியது. சமையல்காரர் அதை வாங்கி, மூக்குக்கண்ணாடி கொண்டுவராத குறைக்குக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"கிடைச்சிடுமா அக்கா?"

 அக்கா சீட்டை வாங்கித் திருப்பிப் போட்டார். பேனாவைத் திறந்து, பின்பக்கத்து வெள்ளையில், முடிவு வரும்போது பார்க்கவேண்டிய விண்ணப்ப எண்ணை ஒவ்வோர் இலக்கமாக, கட்டைவிரல் பருமனுக்கு, அந்தப் பக்கம் நிறைய எழுதினார்.