கதிரைச் சத்தம் அடங்கும்வரை

"கொப்பரும் கொம்மாவும் பள்ளிக்கூட வாசல் மிதிக்காத ஆக்கள். நீ மேடையில ஏறிச் சரித்திரம் கதைச்சா ஆர் பிள்ளை கேக்கிறது?"

எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் அங்கிள் இதைக் கோபத்தில் சொல்லவில்லை. அஜின்கோர்ட்டில் ஒரு மண்டப வாசலில், கடித்த பற்றிஸைக் கையில் வைத்துக்கொண்டு, என் நன்மைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அப்பாவும் அம்மாவும் படிக்காதது உண்மை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான் என்பதும் உண்மை.

ரொறன்ரோவில் தமிழர் விழாக்களுக்கு ஒரு வரிசை உண்டு. விளக்கேற்றுவார்கள். கனடாவின் தேசிய கீதம், பிறகு தமிழ் வாழ்த்து. போரில் இறந்தவர்களுக்காக எல்லோரும் எழுந்து நின்று அகவணக்கம். அதன் பின்னர், இந்த நிலத்தில் நமக்கு முன்பிருந்தே வாழும் பூர்வகுடி மக்களின் பெயர்களைச் சொல்லி, இது அவர்களுடைய நிலம் என்று ஏற்றுக்கொள்ளும் ஒரு பந்தி. அதை ஆங்கிலத்தில் தடக்காமல் வாசிக்க ஓர் இளம்பிள்ளை வேண்டும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எங்கள் சங்கத்தில் அந்தப் பிள்ளை நான்தான். அகவணக்கம் முடிந்து சனம் உட்காரும் நேரம் அது. கதிரைகள் இழுபடும், அடக்கி வைத்திருந்த இருமல்கள் வெளியே வரும், திரைக்குப் பின்னால் டான்ஸ் பிள்ளைகளின் சலங்கை கேட்கும். அந்தச் சத்தத்துக்குள் வாசித்துவிட்டு இறங்குவேன். எங்கள் இறந்தவர்களுக்காக மூச்சுக்கூட விடாமல் நின்ற அதே சனம்தான்.

பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டு, வெக்ஸ்போர்ட்டில் ஒரு கோப்பிக் கடையில் பகுதிநேரமாக வேலை செய்த நாட்களில் என்னோடு நின்றவள் அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களைச் சேர்ந்தவள். வடக்கே ஓர் ஏரிக்கரைக் கிராமத்திலிருந்து வந்திருந்தாள். கோப்பைக்கு மூடி போட்டதும் விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்துத்தான் கொடுப்பாள். நான் மேடையில் வாசிக்கும் வீடியோவை ஒருநாள் அவளுக்குப் பெருமையாகக் காட்டினேன். முழுவதும் பார்த்தாள். மருந்து விளம்பரத்தின் முடிவில் பக்க விளைவுகளை அவசரமாகச் சொல்வார்களே, அப்படி வாசிக்கிறாய் என்றாள். "எங்களை எடுத்தால் தலைச்சுற்று வருமா?" என்றும் கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த கோப்பியை ஊற்றத் தொடங்கிவிட்டாள்.

அவளுடைய பூட்டனைப் பற்றி அதன் பிறகுதான் சொன்னாள். இரண்டாம் உலகப்போரை நான் சோதனைக்காகப் படித்திருந்தேன். சர்வாதிகாரிகள் எப்படி எழுந்தார்கள், எந்த நாடு எப்போது வீழ்ந்தது, எல்லாம் தெரியும். ஆனால் நான் படித்த பக்கங்களில் அவர் இல்லை. அந்தச் சர்வாதிகாரத்தை எதிர்த்துக் கடல் கடந்து போய், வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு ஒரே சேற்றில் படுத்து எழும்பியவர். திரும்பி வந்தபோது அவருடைய மக்களுக்கு வாக்குரிமை இல்லை. வேண்டுமென்றால், தன் இனத்தவன் என்ற சட்டப்படியான உரிமையைக் கைவிட வேண்டும். நிலத்துக்காக வழக்குப் பேசக் காசு சேர்ப்பதைக்கூட அன்றைய சட்டம் குற்றமாக்கி வைத்திருந்தது. அதனால் அவர் வீட்டுக் குசினியில் திரையை இழுத்து மூடிவிட்டு, காசு சேர்க்க ஊரார் கூடினார்கள். யாராவது வந்து தட்டினால் விருந்து என்று சொல்வதற்காக அவருடைய மனைவி மீன் பொரித்துக்கொண்டே இருப்பாராம். கூட்டம் போதும் என்று பயந்தவர்களிடம் அவர் சொன்னதை அவளுடைய வீட்டில் இன்றும் சொல்கிறார்கள்: "பீரங்கிக்குப் பயப்படாமல் வந்தவன், மேசைக்குப் பின்னால் இருக்கிற ஒருத்தனுக்குப் பயப்படுவேனா?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ஹோட்டல் வேலைக்கான சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்த அம்மா, கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "உது எங்களுக்குத் தெரியாத கதையே?" என்றார். "இடம்பெயர்ந்து ஓடேக்க எல்லாருக்கும் ஒரே கிடாரத்துச் சோறு. திரும்பிப் போனாப்போல கிணத்தடியில எங்களை மறிச்சவை." அன்றுதான் அப்பாவின் பள்ளிக்கூடமும் எனக்குத் தெரியவந்தது. சாதியைக் காரணம் காட்டி வாத்தியார் அவரை விறாந்தையில் இருத்தியிருக்கிறார். அப்பா போவதை நிறுத்திவிட்டார். ஏன் வரவில்லை என்று யாரும் வந்து கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு விழா நாளன்று, அந்தப் பந்தியைத் தமிழில் வாசிக்கிறேன், கூடச் சில நிமிடம் பேச விடுங்கள் என்று செயலாளர் அங்கிளிடம் கேட்டேன். அப்போது சொன்னதுதான் அந்தப் பற்றிஸ் வாசகம். எழுதித் தந்ததை வாசித்துவிட்டு இறங்கச் சொன்னார். சனத்தைக் குழப்பாதை என்றார். தோழியை ஏற்கெனவே அழைத்திருந்தேன். அவள் பின்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

நான் ஏறினேன். கதிரைச் சத்தம் அடங்கும்வரை பேசாமல் நின்றேன். அப்படி யாரும் நின்றதில்லை என்பதால் சனம் நிமிர்ந்து பார்த்தது. அந்த மக்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, தமிழில், அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொன்னேன். பூட்டனைப் பற்றிச் சொன்னேன். பிறகு, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட விறாந்தையில் இருத்தப்பட்ட ஒரு பிள்ளைதான் நீங்கள் இப்போது இருக்கும் கதிரைகளைக் காலையில் வந்து அடுக்கினவர் என்றேன். மைக் நின்றுபோனது. செயலாளர் அங்கிளின் கை சவுண்ட்காரப் பெடியனை நோக்கி நீண்டிருந்ததை நான் பார்த்தேன்.

பின்வரிசையில் அம்மா எழுந்தார். பொது இடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை.

"கதை பிள்ளை. எங்களுக்குக் கேக்குது."

ஒரு சொல்லும் விளங்காத தோழியும் அம்மாவோடு எழுந்து நின்றாள். வேறு சிலரும் எழுந்தார்கள். எழாதவர்கள்தான் அதிகம், அதையும் சொல்ல வேண்டும். மைக் இல்லாமலே பேசி முடித்தேன்.

விழா முடிந்து அப்பா கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தபோது, மகளுக்கு இனி மேடை கிடையாது என்று அங்கிள் அவரிடம் சொல்லியிருக்கிறார். தோழி இப்போது ஊரோடு போய்விட்டாள். தன் மக்களின் நில வழக்கில் வேலை செய்கிறாள். தொலைபேசியில் அங்கிளின் தடையைச் சொன்னபோது, மேடையை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிற வேலை யாருடையது என்று மட்டும் கேட்டாள்.

செயலாளருடையது.

போன ஞாயிறு வோபர்னில் நடந்த சங்கக் கூட்டத்தில் அந்தப் பதவிக்குப் போட்டியிடுவதாகச் சொன்னேன். ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து உறுப்பினராக இருந்தும் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காத அப்பா எழுந்து, "நான் முன்மொழியிறன்" என்றார். நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறீரோ என்று செயலாளர் அங்கிள் கேட்டார். "ஓம். கனகாலமா யோசிச்சது" என்று சொல்லிவிட்டு அப்பா கதிரையில் இருந்தார்.

தேர்தல் அடுத்த மாதம். உறுப்பினர்களின் வீடுவீடாகப் போய் வாக்குக் கேட்க வேண்டும். நேற்று மாலை தொடங்கிவிட்டேன். முதலில் தட்டியது செயலாளர் அங்கிள் வீட்டுக் கதவைத்தான்.