நாலரை மணிச் சொற்கள்

ஒரு வேலை முடிந்தது என்று அறிவிக்க இங்கிலீசில் எத்தனை சொற்கள் உண்டென்று கேட்டால், படித்துப் பட்டம் வாங்கியவர்களைவிட நான் நன்றாகச் சொல்வேன். வெள்ளைக்காரரின் கடைசிக் காலத்தில், திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் டொக்யாட் ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரண்டு வருடம் ஒப்பரேற்றராக இருந்தவள் நான். பின்னேரம் நாலரை மணிக்கு ஒவ்வொரு பகுதியும் எங்களை அழைத்து, வேலை முடிந்ததென்று அறிவிக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சொல் இருந்தது.

பட்டறைக்காரர் 'நொக் ஓஃப்' என்பார்கள். சம்மட்டியைக் கீழே போட்ட சந்தோசம் அதில் கேட்கும். களஞ்சியம் 'லொக்ட் அப்'. சிக்னல் நிலையம் 'குளோசிங் டவுன்' என்று கொட்டாவியோடு இழுக்கும். சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்திலிருந்த பம்ப் ஹவுஸ் 'ஷட் டவுன்'. சொல் வந்ததும் நாங்கள் அதைத் திருப்பிச் சொல்லி, பலகையில் அந்தப் பகுதியின் துளையிலிருந்து பிளக்கை இழுத்து லைனை வெட்டிவிட வேண்டும். வேறு கதை கூடாது. மேற்பார்வைக்கு இருந்த பறங்கி மிஸ்ஸி பின்னால் கதிரையில் இருந்து எங்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நாளில் வாய் சொல்லும்போதே கை தானாக இழுக்கப் பழகிவிட்டது.

பம்ப் ஹவுசில் பேசுபவர் கெட்டிக்காரர். சொல்லைச் சொன்னால் லைன் போய்விடும் என்று தெரிந்து, கதையை அதற்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

"எக்ஸ்சேஞ்ச், நேற்று எங்கட ஊர் கட்டைபறிச்சானில நல்ல மழை. ஷட் டவுன்."

"எக்ஸ்சேஞ்ச், உங்களுக்குத் தடிமன் போல கிடக்கு. கொத்தமல்லி குடியுங்கோ. ஷட் டவுன்."

எனக்கோ திருப்பிச் சொல்ல அந்தச் சொல் மட்டும்தான். மிஸ்ஸிக்கு விளங்காமல் அதைச் சிரித்துக்கொண்டு சொல்வேன். பம்ப் ஹவுஸ்காரர் ஒரு நாள் வராமல் விட்டால், அடுத்த நாள் கோபத்தோடு சொல்வேன். அவருக்கு எல்லாம் விளங்கியது. பெயரை நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நான் அவருக்கு எக்ஸ்சேஞ்ச், அவர் எனக்குப் பம்ப் ஹவுஸ். இப்படியும் ஒருத்தி காதலித்தாள் என்றால் என் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். நானே சில நாட்களில் நம்புவதில்லை. ஆனால் நாலு மணி தாண்டினால் பலகையில் பம்ப் ஹவுசின் விளக்கையே நான் பார்த்துக்கொண்டிருந்தது பொய்யில்லை.

பிறகு வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகப்போவதாகக் கதை வந்தது. கதை கடிதமாகவும் வந்தது. என் வேலை 'டிஸ்கன்ரினியூட்' என்று அதில் இருந்தது.

"அப்பிடியெண்டா என்ன, பிள்ளை?" என்றார் அப்பா.

"வேலை முடிஞ்சுதெண்டு, அப்பா."

"அதுக்கேன் இவ்வளவு நீளம்?"

பகுதிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பட்டறையின் துளைக்கு மேல் காகிதம் ஒட்டினார்கள், பிறகு களஞ்சியத்துக்கு. மூடும் நாட்களின் பட்டியலில் பம்ப் ஹவுசுக்கு வெள்ளிக்கிழமை என்றிருந்தது. வியாழக்கிழமை அவர் சொன்னார்:

"எக்ஸ்சேஞ்ச், நாளைக்கு உங்களிட்ட ஒரு விசயம் கேக்கோணும். ஷட் டவுன்."

என்ன விசயம் என்று விளங்காத அளவுக்கு நான் குழந்தையில்லை. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, நீலச் சேலை உடுத்து, பூவும் வைத்துக்கொண்டு போனேன். ரெலிபோனில் பூ தெரியாது என்று எனக்கும் தெரியும். ஓம் என்று சொல்வதற்கு மட்டும் இரவு முழுக்கப் பழகியிருந்தேன்.

நாலரைக்குப் பம்ப் ஹவுசின் விளக்கு எரிந்தது.

"எக்ஸ்சேஞ்ச், பம்ப் ஹவுஸ். ஷட் டவுன்."

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் சொல்லை முன்னுக்குச் சொன்னார். உத்தியோகத்தை முடித்துவிட்டு, வெறும் மனிதனாக நின்று கேட்க நினைத்தாராக்கும்.

"ஷட் டவுன்," என்றேன். கை பிளக்கை இழுத்துவிட்டது.

"இனி நாங்கள்" என்ற இரண்டு சொல் காதில் விழுந்தது. மூன்றாவது விழவில்லை.

மிஸ்ஸி பார்க்கப் பார்க்கப் பிளக்கைத் திரும்பக் குத்தி மணி அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். நான் வேண்டுமென்றே வெட்டியதாக அவர் நினைத்திருப்பார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஐந்து மணிக்கு விட்டதும் இறங்குதுறைக்கு ஓடினேன். கட்டைபறிச்சானுக்குப் போகிறவர் குடாவைக் கடக்கும் மூதூர் லோஞ்சில்தான் ஏற வேண்டும். சீனக்குடா லொறி ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு இருபது பேர் போல லோஞ்சில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அவருடைய குரல் தெரியும், முகம் தெரியாது. வேலை போன அன்று அத்தனை பேரும் வாய் திறக்காமல் ஏறினார்கள்.

ஒரே ஒரு வழி இருந்தது. 'ஷட் டவுன்' என்று நான் சத்தமாகச் சொன்னால் அவர்களில் ஒருவர் திரும்பியிருப்பார். வாயைத் திறந்தேன். பக்கத்தில் மீன் வாங்க நின்ற எங்கள் கோயில் சனம் என்னையே பார்த்தது. துறையடியில் நின்று ஆம்பிளைகளைப் பார்த்துக் கத்துகிற பெட்டை என்று பெயர் வரும். வாயை மூடிக்கொண்டேன். கயிறு அவிழ்த்தார்கள். லோஞ்ச் போய்விட்டது.

பிறகு கலியாணம் கட்டினேன். நல்ல மனிதர், குறை சொல்ல ஏலாது. அவர் போய் இப்போது நாலு வருடம். பின்னேரம் வீட்டில் ஒருவரும் இல்லாத நேரத்தில், சில நாட்களில் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்கிறேன். சொல்லிவிட்டு, கை தானாக எதையும் இழுத்துவிடாதபடி இரண்டையும் மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கிறேன்.