அக்காள் கேட்ட ஒட்டு

தீக்காயம் பட்ட ஒரு பெண்ணின் தொடைத் தோலை எடுத்து முகத்தில் ஒட்டினார்கள் என்று நேற்றைய பத்திரிகையில் ஒரு செய்தி. ஒரே பத்தியில் ‘ஒட்டு’ என்ற சொல் ஏழு இடத்தில் வந்திருந்தது. எழுதியவர் அதைத் தாமே உண்டாக்கியதுபோல ஒவ்வொரு தடவையும் மேற்கோள் குறிக்குள் அடைத்திருந்தார். ஆக, பதினான்கு குறிகள். எனக்கு எரிச்சலாக வந்தது.

நான் இளைஞனாக இருந்தபோது சாத்தான்குளத்துப் பக்கம், எழுத்து வாசனையே இல்லாத பெண்கள் புழங்கிய சொல் அது. காது அறுந்தவள் ஒட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போவாள். ஆறி வந்தபின் அது ஒட்டுக்காது. ஒட்டு என்றால் அறுந்தது பழையபடி சேர்வது, அவ்வளவுதான். அந்தப் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்த ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் அக்காள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். எனக்குப் பதினொரு வயதில் அம்மை இறந்துபோனாள். அதன்பின் என்னை வளர்த்தது அக்காள்தான். மூத்த மகள் என்பதால் அம்மையின் பாம்படம் இரண்டும் அவளுக்கு வந்தன. பாம்படம் என்பது காதில் தொங்கும் கனத்த தங்க நகை. அதற்காகச் சிறு வயதிலேயே காதைக் குத்தி, துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, மடல் தோளைத் தொடும்வரை வளர்ப்பார்கள். பாதிரியார்கள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பெண்களும் ஆமென் சொல்லிவிட்டு வளர்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின்போது எண்ணிப் பார்த்தேன். கோயிலில் நாற்பத்திரண்டு பெண்கள். முப்பத்தொன்பது பேர் காதில் பாம்படம்.

அக்காளுக்கு இருபத்தேழு வயது இருக்கும்போது, பதநீர் காய்ச்சும் அடுப்பில் ஓலையைத் தள்ளக் குனிந்தவளின் வலது பாம்படம் ஓலைக் கட்டில் சிக்கிக்கொண்டது. அது தெரியாமல் நிமிர்ந்தாள். மடல் அறுந்து இரண்டு நுனியாகத் தொங்கியது.

காது அறுந்தவளை எங்கள் ஊரில் மூளி என்பார்கள். விளிம்பு உடைந்த பானைக்கும் அதே சொல்தான். நல்ல காரியத்தில் மூளியை முன்னால் விடமாட்டார்கள். சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில் முதல் பந்திக்குச் சோறு போடுகிறவள் என் அக்காள். அந்த வருஷம், காது வலிக்கும், நீ சும்மா இரு என்று சொல்லி அவள் கையிலிருந்த அகப்பையை வேறொருத்தி வாங்கிக்கொண்டாள்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் உபாத்தியாயர் பயிற்சியை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாலியின் முதல் முடிச்சை நான் போட்டால் மற்ற இரண்டையும் மணப்பெண்ணின் பின்னால் நின்று அக்காள் போடவேண்டும். அதற்குள் காதை ஒட்டிவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஒரே கவலை.

என் கவலை வேறு. பெண் வீட்டார் மூன்று தலைமுறையாகப் படித்தவர்கள். அந்த வீட்டுப் பெண்கள் ஒன்பது பேரில் ஒருத்திக்கும் நீண்ட காது இல்லை. நிச்சயத்தன்று அவர்களில் இரண்டு பேர் அக்காளின் இடது காதை, அதாவது அறுபடாத காதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அக்காள் அதைப் பொருட்படுத்தவில்லை. நான் பொருட்படுத்தினேன்.

அக்காள் மாட்டுவண்டியில் இரண்டு பகல் பயணம் செய்து பாளையங்கோட்டைக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த வெள்ளைக்காரத் துரைசாணிக்கு, வலிக்கிறதா என்று கேட்குமளவுக்குத்தான் தமிழ். மற்றதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பழையபடி நீளமாகவே ஒட்டலாம், ஆனால் கனம் போட்டால் மறுபடியும் அறுந்துபோகலாம். இல்லாவிட்டால் இரண்டு காதையும் குட்டையாக வெட்டித் தைத்துவிடலாம். காது அவளுடையது, அவளே சொல்லட்டும் என்றார். நான் அக்காளிடம் திரும்பி, ஒட்டவா என்று மட்டும் கேட்டேன்.

“அதுக்குத்தானலே வந்திருக்கோம். ஒட்டிப் போடச் சொல்லு. ரெண்டும் ஒண்ணுபோலத் தொங்கணும். ஒங் கல்யாணத்துல அம்மைதான் இல்ல, அவ பாம்படமாவது நிக்கட்டும்.”

நான் துரைசாணியிடம், இரண்டையும் குட்டையாக்கிவிட வேண்டும் என்று அக்காள் விரும்புகிறாள் என்றேன். ஆங்கிலத்தில் ஏழே சொற்கள்.

மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் அவளுக்கு வலி தெரியவில்லை. முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். வலது காதுக்கு நான்கு தையல். பிறகு அவள் தலையை மறுபக்கம் திருப்பினார்கள். கத்தரி சத்தம் கேட்டதும் துணிக்குள்ளிருந்து அவள் பைய கேட்டாள்.

“ஏலே, அந்தக் காது நல்லாத்தானே இருக்கு?”

அசையாமல் இரு என்றேன். அந்தக் காதுக்கு ஐந்து தையல்.

காது ஆறும்வரை ஒரு உறவினர் வீட்டில் பதினொரு நாள் இருந்தாள். தண்ணீர் காணாத தேரிச் செம்மணலில் பிறந்தவளுக்கு ஆற்றில் முங்கிக் குளிக்க ஆசை. காது நனையக்கூடாது என்பதால் தாமிரபரணிப் படித்துறையில் காலை மட்டும் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருப்பாள். கை அடிக்கடி தோள்பக்கம் போகும். அங்கே எதுவும் இல்லாததால் கழுத்தைத் தடவிவிட்டு மடிக்குத் திரும்பிவிடும். ஒரு நாள் படித்துறையில் அதையும் எண்ணினேன். முப்பத்துமூன்று தடவை. அந்தப் பதினொரு நாளில், துரைசாணியிடம் என்ன சொன்னாய் என்று அவள் என்னை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கம்மலுக்காவது துளை போட இன்னும் மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்று துரைசாணி சொல்லியிருந்தார். கல்யாணம் ஐந்து வாரத்தில். வெறுங்காதோடு வந்த அக்காளைப் பார்த்துப் பெண் வீட்டார் மகிழ்ந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் மகிழவில்லை. அம்மையின் தங்கையான என் சித்திதான் வாய்விட்டுச் சொன்னாள்.

“ஒரு காதுதான் மூளியா இருந்துச்சு. இப்ப ரெண்டையுமில்லா மூளியாக்கிட்டு வந்திருக்கா. யாருட்டீ இப்படி வெட்டச் சொன்னது?”

“நாந்தான் சொன்னேன்” என்றாள் அக்காள்.

நான் நான்கு அடி தூரத்தில் நின்றிருந்தேன். முடிச்சுப் போடும் நேரத்தில் அக்காள் தானாகவே பின்னுக்கு நகர்ந்துவிட்டாள். இரண்டு முடிச்சையும் சித்தி மகள் போட்டாள். அக்காள் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். பெண்கள் வரிசைக்குப் பின்னால், வாசலை ஒட்டி, முந்தானையைத் தலையில் போட்டுக் காதை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

துளை போட அவள் பிறகு போகவில்லை.

ஜெர்மன் சண்டை முடிந்த வருஷம் வந்த காய்ச்சலில் அக்காள் போய்விட்டாள். எங்கள் தெருவின் பதினொரு வீடுகளில் ஒன்பதில் சாவு. நான் போய்ச் சேர்ந்தபோது அவளைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டியை மூடும்வரை நகை கிடக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சித்தி, அக்காள் நகை வைத்திருந்த ஓலைக் கொட்டானைத் திறந்து பாம்படம் இரண்டையும் எடுத்தாள். பெட்டியருகே உட்கார்ந்து, முந்தானையை விலக்கி, ஒரு காதைப் பார்த்தாள். மற்றக் காதையும் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துப் பாம்படத்தை நீட்டினாள்.

“எங்கனலே மாட்ட? நீயே சொல்லு.”

நான் வாங்கிக்கொண்டேன். இரண்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. இன்று எங்கள் குடும்பத்தில் பெண்கள் பதினாறு பேர். ஒருத்தி காதிலும் அவற்றுக்கு இடமில்லை.